சிறுபொழுதும் சிற்றுண்டியும்: மதுரைக் கடைகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

“மதுரையில சாப்பிட எந்தக் கடை நல்லா இருக்கும்?” என்னும் வினா ரயில் நிலைய வாசலிலும் கல்யாண மண்டபங்களிலும் நாள்தோறும் எழுப்பப்படுகிறது. இதுவரை கிடைத்துள்ள விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவர் சிம்மக்கல் கோனார் மெஸ் என்பார். இன்னொருவர் அழகர்கோவில் சாலை அம்மா மெஸ் என்பார். மூன்றாமவர் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, பெயர்ப்பலகையே இல்லாத ஒரு கடைக்கு வழி சொல்லத் தொடங்குவார். இதைக் கண்டு மதுரைக்காரர் நாக்குக்கு ஒரு நிலை இல்லை என்று முடிவு கட்டியோர் உண்டு. நாக்கில் குற்றமில்லை, வினாவில்தான் ஓர் உறுப்புக் குறைகிறது என்பதே இவ்வாய்வின் துணிபு.

குறைவது எது என்பதைக் களத்தகவலாளரான ஆட்டோ அண்ணன் ஒருவர் ஒரே வாக்கியத்தில் காட்டிவிட்டார். வினாவைக் கேட்டதும் அவர் விடை சொல்லவில்லை. “எத்தன மணிக்குண்ணே?” என்றார்.

மதுரையில் கடை என்பது இடத்தைச் சார்ந்ததன்று, பொழுதைச் சார்ந்தது. இதற்கு ஊரின் அமைப்பே சான்று. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி என்று தெருக்களுக்கு மாதப் பெயர் வைத்த ஊர் இது. பெரும்பொழுதைத் தெருக்கள் எடுத்துக்கொண்டதால் சிறுபொழுது கடைகளுக்கு வந்து சேர்ந்தது எனக் கொள்வதில் தடையொன்றும் தெரியவில்லை.

முன்னோர் ஆதரவும் இருக்கிறது. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையையும் இரவுக் கடையையும் பிரித்தே பாடினார். ஊரைத் தெருத்தெருவாகச் சுற்றிக் காட்டாமல், பகலில் தொடங்கிச் சாமம் சாமமாக நகர்த்திக்கொண்டு போகிறார். இரவு ஏறிய பிறகு, அடை விற்கும் கூவியர் சரக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கி விழுவதையும் அவர் விடவில்லை. தூங்கா நகரத்தில் கடைக்காரர் தூங்கலாமா என்று கேட்பவர்கள், இன்று இரவு பதினொரு மணிக்கு மேல் ஏதாவது கல்லாப்பெட்டியின் பின்னால் எட்டிப் பார்க்கவும்.

இனிப் பொழுதுகள். காலைப்பொழுதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொங்கலும் வடையும் தமிழகம் முழுதுக்கும் பொது. கோரிப்பாளையத்து விசாலம் காபி ஒன்றை மட்டும் குறித்துவிட்டு நகர்வோம்.

நண்பகல் பாலைத் திணைக்கு உரியது என்று இலக்கணம் சொல்கிறது. சித்திரை மாதத்து மதுரையில் பன்னிரண்டு மணிக்கு வெளியே போனவர் எவரும் இதை மறுக்கமாட்டார். ஆனால் பாலைக்குப் பிரிவு உரிப்பொருள் என்று சொன்னவர்கள் அயிரை மீன் குழம்பை அறியாதவர்கள். விரல் நீளம்கூட இல்லாத அயிரையை உயிரோடு வாங்கிவந்து, பாலில் நீந்தவிட்டு, அது வயிற்று மண்ணைக் கக்கிய பிறகே சட்டியில் போடுவார்கள். முள் தனியாகத் தெரியாது, மீன் முழுசாக உள்ளே போகும். அந்தக் குழம்பு ஊற்றிய சோற்றின் முன் உட்கார்ந்தவர் இலையைப் பிரிந்து எழுவதற்கு மூன்றரை மணி ஆகிவிடும். பிரிவு என்று இதைத்தான் கொள்ள வேண்டும்.

எற்பாடு காலையா மாலையா என்று உரைகாரர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மதுரையில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. மேலக் கோபுரத்துப் பக்கம் கோபு ஐயங்கார் கடையில் வெள்ளை அப்பத்துக்கு எண்ணெய் காயும் நேரமே எற்பாடு. உரைகாரர்கள் ஒருநாள் பிற்பகலில் அந்தப் பக்கம் வந்திருந்தால் இவ்வளவு ஓலை வீணாகியிருக்காது.

மாலையில் பொருள் பெருகுகிறது. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஓர் உருண்டை ஐஸ்கிரீம். இது பானமா பண்டமா என்பதில் அறிஞர் இரு கட்சி. கையில் டம்ளரைக் கொடுத்து, அதற்குள் கரண்டியையும் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர் இரு கட்சிக்கும் நல்லவராக நடந்துகொள்கிறார். தெருவோரங்களில் முள்ளுமுருங்கை வடை. இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்து, பச்சை நிறம் மறையும் அளவுக்கு மேலே பொடியைத் தூவி நீட்டுவார்கள். சளிக்கு மருந்து என்பார்கள். சளி இல்லாதவர்களே வரிசையில் அதிகம் நிற்கிறார்கள். தள்ளுவண்டியில் பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து மூக்குக்கு முதலில் வரும். ரயில் நிலையத்துக்கு எதிரே பிரேமா விலாஸில் சுடச்சுட அல்வா. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேரிடம் டிக்கெட் இருக்காது.

இவ்விடத்தில் ஒரு பெரும்பிரிவைச் சொல்லியாக வேண்டும். மதுரைக்காரருக்குப் பிடித்த கடை இரு வகைப்படும்: சம்பந்தியை அழைத்துப் போகும் கடை, தான் போகும் கடை. மேலே சொன்னவை பெரும்பாலும் முதல் வகை. அவற்றைப் பற்றி அவர் வாய் ஓயாமல் பேசுவார். இரண்டாம் வகையைக் கேட்டால், “அது சின்னக் கடைங்க, ஒங்களுக்குச் சரிப்படாது” என்று பேச்சை மாற்றுவார். பணிவு என்று இதை வெளியூர்க்காரர் தவறாக எண்ணுகிறார்கள். உண்மையில் அங்கே இருப்பதே இரண்டு பெஞ்சு.

இவ்வகைக் கடைக்குப் பெயர் இராது, அடையாளம் மட்டுமே உண்டு. அந்த அடையாளமும் இன்று நிற்கும் கட்டடமாக இருக்க வேண்டியதில்லை. 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரை இடித்துப் பல காலம் ஆகிறது. இன்னமும் “தங்கம் தியேட்டருக்கு அங்கிட்டு, அக்கா கடை” என்றால் ஊர்க்காரர் நேரே போய் நிற்பார். வெளியூர்க்காரர் தியேட்டரைத் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் வகைக் கடை முழு வடிவில் காணக்கிடைப்பது யாமத்தில். ஷட்டர் இறக்கிய நகைக்கடைப் படிக்கட்டு ஓரத்தில் அடுப்பு வந்து இறங்கும். துணி விரித்து ஊற்றிய இட்லித் தட்டைக் கவிழ்த்து, துணி மேல் தண்ணீர் தெளித்து உரித்தால் ஆவியோடு நாலைந்து இட்லி விழும். தட்டில் வாழையிலைத் துண்டு, அதில் இட்லி. அதன் மேல் அக்கா தூக்குவாளியிலிருந்து ஊற்றுவதுதான் தண்ணிச் சட்னி. ஓரமாக வைப்பது என்ற பேச்சே கிடையாது. இட்லி முங்க வேண்டும், இலையின் விளிம்பு மிதந்து எழ வேண்டும், சாப்பிடுபவர் தட்டை ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். “இன்னுங் கொஞ்சம் ஊத்தவா தம்பி?” என்பது கேள்வி போல ஒலித்தாலும் விடைக்கு முன்னரே கரண்டி வந்துவிடுகிறது. சற்றுத் தள்ளிக் கொத்துப் புரோட்டாக் கல்லில் இரும்புத் தகடுகள் விழும் ஓசை. இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்களுக்கு வேறு வழிகாட்டி தேவைப்படுவதில்லை.

யாமத்துக் கடைகளைச் சட்டமும் ஆராய்ந்திருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. இட்லிக் கடையில் அக்கா, அவர் வீட்டுக்காரர், தட்டுக் கழுவும் பையன். ஆக ஏழு பேர் குறைகிறது. ரோந்து ஜீப் தெருமுனையில் திரும்பும்போது இந்த எண் அவசியமாகிறது. அடுப்பு அணையும். ஜீப் போனதும் பற்றிக்கொள்ளும். உள்ளேயிருந்து இரண்டு பார்சல் ஜீப்புக்கே போவதும் உண்டு என்று தகவலாளர் கூறினார். இதைச் சரிபார்க்க முற்படவில்லை.

இனித் தடைகள். கோனார் மெஸ்ஸின் கறி தோசை மதியமும் கிடைக்கிறதே, பொழுது எங்கே போயிற்று என்பர். அது பொழுது மயக்கம், திணை மயக்கம் போல இலக்கணம் ஒப்புக்கொண்டதே. கீழே கனமான தோசை, நடுவே முட்டை, மேலே கறி என்று மூன்று அடுக்கு உள்ள பொருள் ஒரே பொழுதில் அடங்காதது இயல்பு. முருகன் இட்லி கடைக்குச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கிளை இருக்கிறதே, இடம் மாறினால் பொழுதும் மாறாதா என்பது அடுத்த தடை. மதுரைக்காரர் அங்கே போனாலும் பத்து மணிக்கு மேல்தான் பசி எடுப்பதாகச் சொல்கிறார். தடை தானே விழுந்தது. செல்போனில் அழுத்தினால் எப்பொழுதும் எதுவும் வீட்டுக்கு வருகிறதே என்போரிடம் ஒன்று கேட்கிறோம்: தண்ணிச் சட்னியைப் பொட்டலம் கட்டி, அது வந்து சேர்ந்த பையை எப்போதாவது பார்த்ததுண்டா?

எஞ்சியது வைகறை. தகவலாளரின் வற்புறுத்தலால் எழுந்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பக்கம் போனபோது மல்லிகை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் டீயும் பன்னும் கேட்டார். அவர் அப்போதுதான் எழுந்து வந்த பூ வியாபாரி. அவரை ஒட்டி உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் மிச்சமிருந்த புரோட்டாவுக்குச் சால்னா கேட்டார். அவருக்கு இன்னும் ராத்திரி முடியவில்லை. ஒரே பெஞ்சில் இரு பொழுது. இது யாமமா வைகறையா என்று டீ மாஸ்டரிடம் வினவினோம். “ஸ்ட்ராங்கா, மீடியமாண்ணே?” என்றார். பின்னால் ஆட்கள் நின்றதால் மேற்கொண்டு விவாதிக்க இயலவில்லை.