மூன்று லிட்டர் வைபவம்

ஒரு காலத்தில் ஜாசின் பக்கத்து எஸ்டேட்டுகளில் பேதிக்குக் கொடுப்பது ஒரு குடும்ப வைபவம். அப்பா மூக்கைப் பிடிப்பார், அம்மா விளக்கெண்ணெயை ஊற்றுவார். அன்றைக்குப் பள்ளிக்கு லீவு, மதியம் ரசஞ்சோறு. லயத்துக்கே சேதி தெரிந்துவிடும்.

இப்போது மாமாவுக்குக் குடலில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம். அதற்குமுன் குடலைச் சுத்தம் செய்ய மிஸி மூன்று பாக்கெட் மேக்ரோகோல் மாவு கொடுத்தார். பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மாமா கணக்கில் புலி: மூன்றையும் ஒரே குவளையில் கரைத்து ஒரே மடக்கில் முடித்துவிடலாம் என்றார்.

கூடாது மாமா! இந்த மாவு உடம்பில் சேராது. கரைத்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குடலைக் கழுவிப் போகும். தண்ணீரைக் குறைத்தால் உங்கள் உடம்பிலிருந்து உறிஞ்சும். ஒரு லிட்டரை ஒரு மணி நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குளிர வைத்தால் வாய்க்குச் சுலபம். தே ஓ சரி, பால் வேண்டாம். ரோஸ் சிரப்பைத் தொடாதீர்கள், கேமராவில் ரத்தம் மாதிரி தெரியும். கடைசியில் தெளிந்த மஞ்சள் நீர் மட்டும் வந்தால் பாஸ்.

சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, எது இருந்தாலும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் குவளை உள்ளே போன பிறகு பஸ் மட்டும் ஏறாதீர்கள்.