குட்டியானையின் மின்னலங்காரம்

2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் வெளியிட்ட ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டி, தமிழ்நாட்டில் குட்டியானை என்ற திருநாமம் பெற்று, வாழைத்தாரையும் சிமெண்டு மூட்டையையும் சுமந்து திரிந்த வரையில் சகலமும் க்ஷேமமாகவே இருந்தது. பின்கட்டில் சீரியல் விளக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஃபோகஸ் விளக்கும் இல்லாவிட்டால் உரிமையாளரின் கௌரவத்துக்கே பங்கம் என்ற சித்தாந்தம் பிறந்த பிறகுதான் அதன் 12 வோல்ட் பாட்டரிக்கு ஏழரைநாட்டுச் சனி பிடித்தது.

120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. நமது ஒயரிங் பண்டிதரோ, காலிங்பெல்லுக்கு உகந்த மெல்லிய ஒயரைப் பல்லால் உரித்து, பின்விளக்கின் ஒயரோடு முறுக்கிக் கறுப்பு டேப்பைச் சுற்றி, எர்த் கம்பியைப் பெயிண்டின் மேலேயே ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிட்டு, ரிலே வேண்டாமா என்று கேட்பவனை அநுதாபத்தோடு நோக்குவார். ஃபியூஸ் போய்விட்டாலும் அவரிடம் பரிகாரம் உண்டு: சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். ஃபியூஸ் என்பது ஒயரைக் காக்கத் தன் பிராணனை விடுவதற்கென்றே அவதரித்தது. வெள்ளித்தாளுக்கு அத்தகைய தியாக புத்தி கிடையாதாகையால், அந்தக் கைங்கரியத்தை ஒயரே மேற்கொண்டு, தார்ப்பாய்க்கு அடியில் புகையத் தொடங்குகிறது. அப்போதும் பாட்டு மட்டும் நிற்பதில்லை.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, அலங்காரத்தை விடச் சொல்லவில்லை. பாட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே தகுந்த ஃபியூஸ் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அதன் விலை ஒரு தேநீருக்கு மேல் இராது.