பின்புறம் பட்ட பாடு

1885 நவம்பரில் கோட்லீப் டைம்லர், தாம் செய்த மோட்டார் சைக்கிளில் பெற்ற மகன் பாலையே ஏற்றிவிட்டார். மரச் சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை, ஜெர்மானியக் கல் ரோடு. ஸ்பிரிங் என்ற பேச்சே கிடையாது. போதாக்குறைக்கு, கீழே கனன்றுகொண்டிருந்த இக்னிஷன் குழாய் வழியிலேயே சீட்டைப் பற்றவைத்தது. குலுங்கியது போதாதென்று சூடும் வாங்கியது பின்புறம்.

1913-இல் அமெரிக்காவின் 'இந்தியன்' கம்பெனி, ஜட்கா வண்டிக்குக்கூட இருக்கும் வில்பட்டையைப் பின்சக்கரத்துக்கு வைத்தது. பிற்பாடு கம்பெனிக்கே மனசு மாறி, அதைக் கழற்றிவிட்டது. மறுபடி ஸ்பிரிங் பின்னால் எட்டிப்பார்க்க 1940 ஆனது.

வெறும் ஸ்பிரிங்கும் லேசுப்பட்டதல்ல. விழுங்கிய பள்ளத்தை அப்படியே திருப்பித் துப்பும். 1935-இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12-இன் முன் ஃபோர்க்குக்குள் ஆயிலை ஊற்றியது. சின்ன ஓட்டை வழியே ஆயில் திக்கித் திணறிப் போக, ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்கியது.

1948-இல் ராயல் என்ஃபீல்டு, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டைப் போட்டிக்கு இறக்கியது. 'பின்னால் ஆடுகிற வண்டி பிடிமானம் தராது' என்பது அன்றைய சூரர்களின் வேதம். அதே வருஷம் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட்காரர்கள் தங்கம் வாங்கினார்கள். வேதம் வாயை மூடிக்கொண்டது. 1956-இல் அந்த புல்லட் நம்ம திருவொற்றியூரிலேயே தயாராக ஆரம்பித்தது.

பெரிய வண்டிகளில் மட்டும் ஹார்லிக்கு 1958 வரை பொறுமை இருந்தது. அந்த வருஷம் பின்னால் ஷாக் அப்சார்பர் வைத்தார்கள். 1984-இல் 'சாஃப்டெயில்' என்று ஒன்று விட்டார்கள்: ஷாக்கை வண்டிக்கு அடியில் ஒளித்து, ஷாக்கே இல்லாத பழைய வண்டி மாதிரி காட்டினார்கள். சொகுசு வேண்டும், ஆனால் ஊருக்குத் தெரியக்கூடாது!

இத்தனை பேர் இடுப்பொடிந்து வாங்கித் தந்த வசதியை நாம் என்ன செய்கிறோம்? ஷோரூமில் வைத்துக் கொடுத்த செட்டிங்கிலேயே ஆயுசுக்கும் ஓட்டுகிறோம். ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அதற்குமேல் அமுங்கினால் பின்ஷாக்கின் வளையத்தைத் திருப்பி ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தத்தை, அதாவது ப்ரீலோடை, கூட்டுங்கள். இதனால் ஸ்பிரிங் கெட்டியாகாது. வண்டி எழும்பி நிற்கும், அவ்வளவுதான். பின்னால் ஆள் ஏறினால் ஓரிரண்டு படி ஏற்றுங்கள், இறங்கியதும் மறக்காமல் குறையுங்கள்.

பல வண்டிகளில் அதற்கான ஸ்பானர் டூல்கிட்டிலேயே இருக்கும். ஒருமுறையாவது உறையைப் பிரியுங்கள்.