காயின் நடியல்லா!

பெங்களூரில் அரசின் அதிகாரம் எதுவரை எட்டும் என்று பார்க்க ஆசையா? சட்டமன்றம் இருக்கும் விதான சவுதாவுக்கெல்லாம் போக வேண்டாம். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பெட்டிக்கடையில் இரண்டு வாழைப்பழம் கேளுங்கள். கடைக்காரர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "காயின் நடியல்லா, சார்." காசு செல்லாதாம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. சிங்கத் தலைகளும் சத்யமேவ ஜயதேயும் வாலைச் சுருட்டிக்கொண்டு உங்கள் சட்டைப்பைக்கே திரும்ப வேண்டியதுதான்.

இத்தனைக்கும் ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை, அறிக்கை விட்டது. பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, பதினாலும் செல்லும் என்று 2018 ஜனவரி 17-ஆம் தேதி நாட்டுக்கு அறிவித்தது. சந்தேகம் இருந்தால் 14440-க்கு போன் போடுங்கள் என்றது. எதிர்த்தரப்பில் இருந்தது ஒரே ஒரு வாட்ஸாப் செய்தி: நாணயத்தில் பத்துக் கதிர் இருந்தால் அசல், பதினைந்து இருந்தால் போலி, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் கட்டாயம் போலி. அந்தக் குறியை அரசு ஏற்றுக்கொண்டதே 2010-இல். அதற்கு முன்பு அடித்த காசில் அது எங்கிருந்து முளைக்கும்? (குறியை வரைந்த உதயகுமார் தமிழர். நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமையைக் கொடுத்து இங்கே ஒரு டீ குடிக்க முடியாது.) கடைசியில் வாட்ஸாப் வந்த வேகத்தில் மத்திய வங்கி பின்னங்கால் பிடரியில் பட ஓடியது. இப்போது கதிர் எண்ணும் சிரமம்கூட யாருக்கும் இல்லை. பதினாலு வடிவத்துக்கும் ஒரே பதில்.

ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் இன்றும் சொந்த நோட்டு அச்சடிக்கின்றன. அதை நீட்டினால் இங்கிலாந்துக் கடைக்காரர்கள் சிலர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், வேண்டாம் என்பார்கள். அவர்களுக்காவது ஒரு சாக்கு இருக்கிறது. அந்த நோட்டைக் கடனுக்கு ஈடாக வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஸ்காட்லாந்திலேயே சொல்லவில்லை. நம் காசு அப்படியா? அரசு ஆலையில் அடித்து, 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தில் செல்லும் என்று எழுதிவைத்த காசு. சென்னையில் டீக்கடைக்காரர் பேசாமல் கல்லாவில் போட்டுக்கொள்கிற அதே காசு, எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் அன்னிய நாட்டுச் செலாவணி ஆகிவிடுகிறது.

ஆனால் இதே கடைக்காரர் எதை வாங்குகிறார் என்று பாருங்கள். நடுவில் கிழிந்து, செலோ டேப் போட்டு ஒட்டி, மஞ்சளும் வியர்வையும் எண்ணெயும் ஏறி, காந்தி யார் என்றே அடையாளம் தெரியாத பத்து ரூபாய் நோட்டு, அது நடக்கும். சில்லறை இல்லையென்று நம் கையில் திணிக்கிறாரே சாக்லேட், அதுவும் நடக்கும். ஒருவழிப்பாதை மட்டும், நாம் சாக்லேட்டைத் திருப்பிக் கொடுத்துப் பால் பாக்கெட் வாங்க முடியாது.

கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்கும் பாட்டியின் சுருக்குப்பையைப் பாருங்கள். விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன பத்து ரூபாய்க் காசுகள் அடியில் தங்கிக் கிடக்கும். அரிசிக்கடையில் அவற்றை எடுத்து வைத்தால், "அஜ்ஜி, காயின் பேடா, நோட் கொடி." நாணயம் வேண்டாமாம், நோட்டு வேண்டுமாம். "கவர்மென்ட் காசுதானேப்பா?" என்று அவர் கேட்டால் கடைக்காரர் தமிழுக்கு மாறுவார்: "எனக்குத் தெரியாதாம்மா? பேங்க்காரன் வாங்கமாட்டேங்கறானே!"

அங்கே இருக்கிறது விஷயம். வதந்தி வந்த அன்றே செத்திருக்கும். அதற்குச் சோறு போட்டு வளர்த்தது வங்கிக் கவுன்ட்டர். நாணயத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கிளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சுற்றறிக்கை அனுப்புகிறது. கிளையில் கேட்டால் எண்ண ஆளில்லை, வைக்க இடமில்லை, மெயின் பிராஞ்சுக்குப் போங்க, நாளைக்கு வாங்க. வங்கி கடைக்காரரைத் துரத்துகிறது, கடைக்காரர் பாட்டியைத் துரத்துகிறார். பாட்டிக்குத் துரத்த யாரும் இல்லை. சட்டைப்பையில் போன் வைத்திருக்கும் நமக்கு இது வேடிக்கை. அன்றாடக் கூலியில் நாலு காசு செல்லாமல் போனால் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பங்கு போயிற்று. சட்டம் செல்லும் என்ற காசை வைத்துக்கொண்டு ஒருத்தி பட்டினி கிடந்தால், அதற்குப் பெயர் சில்லறைத் தட்டுப்பாடா?

தமிழ்நாட்டிலும் எல்லா ஊரும் சென்னை ஆகிவிடவில்லை. 2022-இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல், பத்து ரூபாய்க் காசாகவே 6 லட்சம் சேர்த்துச் சேலம் ஷோரூமில் கொட்டிக் கார் வாங்கினார். அறுபதாயிரம் காசு, கிட்டத்தட்ட 460 கிலோ. எண்ணிக் களைத்தவர்கள் ஷோரூம்காரர்கள். காசு செல்லும் என்று நிரூபிக்க ஒரு குடிமகன் அரை டன் உலோகத்தைத் தூக்க வேண்டியிருக்கிறது!

பெங்களூர்க் கடைகள் சில காலம் கியூஆர் அட்டை இல்லாதவனை மனிதனாகவே மதிக்கவில்லை. 2025 ஜூலையில் யுபிஐ வரவைக் கணக்கெடுத்து வணிகவரித் துறை ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியதும், அதே கடைகளில் "நோ யுபிஐ, கேஷ் ஒன்லி" அட்டை தொங்கியது. ரொக்கம் கேட்ட அந்த வாரத்திலும் காயின் பேடா. ரிசர்வ் வங்கியும் தன் பங்குக்கு 2023-இல் ஒரு புதுமை அறிவித்தது: கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் நாணயம் கொட்டும் இயந்திரம், 12 நகரங்களில் சோதனை. காசு கொட்டட்டும், நல்லது. கொட்டியதை எந்தக் கடையில் கொடுப்பது என்று அந்த இயந்திரமே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

எனக்கு ஒரு யோசனை. நிருபதுங்கா சாலை ரிசர்வ் வங்கி அதிகாரிகளுக்கும் நகரத்து வங்கி மேலாளர்களுக்கும் மாதச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாயை மட்டும் பத்து ரூபாய் நாணயமாகக் கொடுக்கலாம். நாணயச் சட்டம் அனுமதிக்கும் வரம்பும் அதுதான். நாம் சட்டத்தை மீற மாட்டோம். நூறு காசு, முக்கால் கிலோ சொச்சம். அதை ஒரு மஞ்சள் பையில் கட்டிக் கொடுத்து, யஷ்வந்தபுரம் சந்தைக்கு அனுப்பி, சாயங்காலத்துக்குள் அந்த நூறையும் செலவழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். போன் எடுத்துப் போகக் கூடாது. 14440-க்குக் கூப்பிட மட்டும் வேண்டுமானால் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.