நான்காவது வைராக்கியம்

மூன்று வைராக்கியங்களை நமக்கு ஏற்கெனவே தெரியும். புராணம் கேட்டு எழுந்தவனுக்கு வருவது, பிரசவ வலியில் வருவது, சுடுகாட்டில் வருவது. மூன்றும் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் தெளிந்துவிடும். நான்காவதாக ஒன்றை இங்கிலாந்தும் அமெரிக்காவும் சேர்ந்து சீராட்டி வளர்த்திருக்கின்றன. அதன் பெயர் ராக் வைராக்கியம். “இதுதான் எங்கள் கடைசிச் சுற்றுப்பயணம், இனி மேடை ஏற மாட்டோம்” என்று சத்தியம் செய்து டிக்கெட் விற்பார்கள். ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கும். ஏழெட்டு வருடம் போனால் அதே குழு, அதே ஜனம், அதே கண்ணீர். டிக்கெட் விலை மட்டும் வேறு.

உண்மையிலேயே கடைசியாகப் பாடியவர்கள் அதை ஊருக்குச் சொன்னதில்லை. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் பீட்டில்ஸ் 11 பாட்டு பாடிவிட்டு இறங்கினார்கள். மொத்தம் அரை மணி நேரம். மைதானம்கூட நிறையவில்லை. இனி ஊர் ஊராகப் போவதில்லை என்பது பாடியவர்களுக்குத் தெரியும், டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் காலி இருக்கைகளை மூன்று மடங்கு விலைக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். 1969 ஜனவரியில் லண்டனில் தங்கள் அலுவலக மொட்டை மாடியில் ஏறி வாசித்தபோது, போலீஸ் வந்து மங்களம் பாடியது. விடைபெறுவதில் இருக்கும் காசை இப்படிக் கோட்டைவிட்டவர்கள் வேறு யாருமில்லை.

காசு இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் பின்னால் விடைபெற்றவர்கள். ‘தி பேண்ட்’ குழு 1976 நவம்பர் 25 அன்று அதே சான் பிரான்சிஸ்கோவில் விடைபெற்றது. வந்திருந்த சுமார் 5,000 பேருக்கும் முதலில் வான்கோழி விருந்து. பிறகு பாப் டிலன், மடி வாட்டர்ஸ், ஜோனி மிட்செல் என்று வரிசையாகப் பாட்டு. படம் பிடிக்க மார்ட்டின் ஸ்கோர்செஸி. இவ்வளவு ஏற்பாட்டோடு காலமான குழு 1983-ல் மறுபடியும் ஊர் சுற்றக் கிளம்பியது. ராபி ராபர்ட்சன் ஒருவர்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வீட்டில் இருந்தார். நல்லவேளை, சாப்பிட்ட வான்கோழிக்கு யாரும் பில் அனுப்பவில்லை.

ஈகிள்ஸ் பிரிந்த கதைக்கு இவ்வளவு நாகரிகம் கிடையாது. 1980 ஜூலை 31, கலிபோர்னியாவின் லாங் பீச். ஆலன் கிரான்ஸ்டன் என்ற செனட்டருக்கு நிதி திரட்டும் கச்சேரி. அவரிடம் குழுவின் டான் ஃபெல்டர் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை என்று சக உறுப்பினர் கிளென் ஃபிரேவுக்குக் கோபம். கீழே காதலும் தனிமையும் கலந்த பாட்டில் ரசிகர்கள் உருகிக்கொண்டிருக்க, மேலே பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் இன்னும் மூன்று பாட்டுதான், முடிந்ததும் உனக்கு உதை இருக்கிறது என்ற ரீதியில் ஃபிரே கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஃபெல்டரும் பதில் மரியாதையில் குறை வைக்கவில்லை. கம்பெனிக்கு ஒரு கச்சேரி ஆல்பம் பாக்கி இருந்தது. ஒரே அறையில் உட்கார்ந்தால் ரத்தம் வரும் என்பதால் ஃபிரே லாஸ் ஏஞ்சலிசிலும் மற்றவர்கள் மியாமியிலும் இருந்துகொண்டு கூட்டுக்குரல்களைச் சரிசெய்தார்கள். டேப்புகள் கூரியரில் போய் வந்தன. அந்த ஒற்றுமைக்கும் கைதட்டு கிடைத்தது.

நரகம் பனியாக உறையும்போது மறுபடி சேருவோம் என்று அதே குழுவின் டான் ஹென்லி சொல்லியிருந்தார். 1994-ல் உறைந்தது. சுற்றுப்பயணத்துக்கே அந்த வாசகத்தைப் பெயராக வைத்தார்கள். நாங்கள் எங்கே பிரிந்தோம், 14 வருடம் விடுமுறையில் போயிருந்தோம் என்று மேடையில் ஃபிரே கூசாமல் சொன்னார். நல்ல இருக்கை 100 டாலரைத் தாண்டியது. அன்றைக்கு ராக் ரசிகர்களுக்கு அது நெஞ்சுவலி விலை. நரகத்தைக் குளிரூட்டிய கரண்டு பில் யார் தலையில் விழுந்தது என்பது விளங்கியிருக்கும்.

ஆனாலும் இந்தக் கலையின் பிதாமகர்கள் ‘தி ஹூ’தான். வயதாவதற்குள் செத்துவிட்டால் தேவலை என்று 1965-ல் பாடி உலகப் புகழ் பெற்றவர்கள். அதை எழுதிய பீட் டவுன்ஷெண்டுக்கு அப்போது 20 வயது. அந்த வயதில் எல்லோருக்கும் 30 என்பது கிழம். பிறகு அவருக்கே 37 ஆயிற்று. 1982-ல் ஒரு பீர் கம்பெனியின் புண்ணியத்தில் விடைபெறும் சுற்றுப்பயணம் நடந்தது. 1989-ல் அதே குழு, ஊதுகருவி கோஷ்டியும் பின்பாட்டுக் கோஷ்டியும் புடைசூழ, மறுபடி வந்தது. டவுன்ஷெண்டுக்கு அதற்குள் காது பாதி போயிருந்தது. போகாமல் என்ன செய்யும்? 1976-ல் இவர்கள் எழுப்பிய 126 டெசிபல் கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது. 1967-ல் ஒரு டிவி நிகழ்ச்சியில் டிரம்மர் கீத் மூன் தன் டிரம்முக்குள் வெடிமருந்தைத் தாராளமாகத் திணித்து வெடித்தபோது பக்கத்தில் நின்றவரும் இவரே. 1989-ல் கையைக் காற்றாலை போல் சுழற்றி அடிக்கும் தன் பிரசித்தி பெற்ற வித்தையைச் செய்யப்போய், கிட்டாரில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தண்டு கையில் குத்தி ஆஸ்பத்திரிக்கும் போனார். கிட்டார்களை மேடையில் உடைத்தே பெயர் வாங்கியவரிடம் ஒரு கிட்டார் கணக்குத் தீர்த்துக்கொண்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

2025-ல் இவர்கள் மறுபடி விடைபெற்றார்கள். அந்த வருடம் மார்ச்சில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடையில் ரோஜர் டால்ட்ரி, 81 வயது, காது ஏற்கெனவே போயிற்று, இப்போது கண்ணும் போகிறது, குரல் மட்டும் போனால் ‘டாமி’ பூர்த்தியாகிவிடும் என்றார். பார்வையும் கேள்வியும் பேச்சும் இல்லாத ஒரு பையனைப் பற்றி 1969-ல் இவர்கள் போட்ட ராக் ஓபெராதான் ‘டாமி’. அடுத்த மாதமே டிரம்மர் ஜாக் ஸ்டார்க்கியை நீக்கினார்கள். சில நாளில் சேர்த்தார்கள். மே மாதம் மறுபடி நீக்கினார்கள். ஏறக்குறைய 30 வருடம் வாசித்தவர், பீட்டில்ஸ் ரிங்கோவின் மகன். விடைபெறும் குழு தன் டிரம்மருக்கும் இரண்டு தரம் விடைகொடுத்துப் பழகிக்கொண்டது.

மோட்லி க்ரூ இந்த விஷயத்தில் ஜனத்தின் சந்தேகத்தைப் புரிந்துகொண்டவர்கள். வாய்ச்சொல் போதாது என்று 2014-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இனி ஊர் ஊராகப் போக மாட்டோம் என்று பத்திரத்தில் கையெழுத்தே போட்டார்கள். 2015 டிசம்பர் 31 அன்று லாஸ் ஏஞ்சலிசில் கடைசிக் கச்சேரி. தலைக்கு மேல் தண்டவாளத்தில் டிரம்ஸோடு குட்டிக்கரணம் அடித்துப் போகும் டாமி லீ, அந்தக் கடைசி ராத்திரி பார்த்து அந்தரத்தில் மாட்டிக்கொண்டார். தெய்வம் தெளிவாகத்தான் பேசியது. 2019-ல் அந்தப் பத்திரத்தை வெடிவைத்துத் தகர்ப்பதாக ஒரு வீடியோ வெளியிட்டுவிட்டு, 2022-ல் பெரிய மைதானங்களாகப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட கச்சேரிகளில் பார்க்கத்தான் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. இளமையில் எட்டிய சுருதி இப்போது எட்டாது என்பதால் அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கியிருப்பார்கள். உச்சஸ்தாயி வரும் இடத்தில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார். காசு கொடுத்து வந்தவன் பாடுவான். 40 வருடம் பாடிய வரிகள் காலடியில் ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கும். “இது எங்கள் புது ஆல்பத்திலிருந்து” என்று அறிவித்தால் பாதிக் கூட்டம் பீர் வாங்க எழும். டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் மீதிப் பாதி கழிப்பறை வரிசையில் நிற்கும். ராத்திரி பதினொன்றுக்கு எல்லோரும் வீடு. கீழே இருப்பவர்களுக்கும் முட்டி வலிக்கிறது, அதனால் மேலே இருப்பவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. அவர்கள் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று இதுவரை ஒன்றை அறிவித்ததே இல்லை. மிக் ஜாகர் மட்டும் இளரத்தத்தில், 45 வயதில் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடுவதைவிடச் சாவதே மேல் என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தார். 46-ல் பாடினார். 2003 ஏப்ரலில் பெங்களூரிலும் மும்பையிலும் பாடியபோது வயது 59. தமிழ்நாட்டு அரசு ஊழியராக இருந்திருந்தால் அன்றைய விதிப்படி பென்ஷனில் இருந்திருப்பார். கீத் ரிச்சர்ட்ஸ் 2006-ல் பிஜித் தீவில் மரத்திலிருந்து விழுந்து மண்டையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அந்த ஜூலையிலேயே மிலானில் வாசித்தார். 62 வயதில் மரம் ஏறுவானேன் என்று கேட்கும் துணிச்சல் அவர் வீட்டில் யாருக்கும் இல்லை போலும். 2019-ல் ஜாகருக்கு இதய வால்வு மாற்றினார்கள். மூன்று மாதத்துக்குள் சிகாகோ மேடையில் ஓடினார். 2024-ன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு விளம்பரதாரர் யார் தெரியுமா? மூத்த குடிமக்களுக்கான அமெரிக்கச் சங்கம். மற்றவர்களெல்லாம் வயதை மறைத்துக் காசு பார்த்தார்கள். இவர்கள் வயதைக் காட்டியே பார்த்தார்கள்.

ஆஸி ஆஸ்போர்ன் 1992-ல் ‘இனிச் சுற்றுப்பயணமே இல்லை’ என்று பெயர் வைத்தே ஒரு சுற்றுப்பயணம் போனார். 1995-ல் போன பயணத்தின் பெயர், ஓய்வு என்பது வெறும் தண்டம் என்ற பொருளில் இருந்தது. 2017-ல் தன் பழைய குழுவான பிளாக் சாபத்தோடு ஒருமுறை முடித்தார். 2018-ல் ‘இனிச் சுற்றுப்பயணமே இல்லை’ இரண்டாம் பாகம். பிறகு பார்கின்சன்ஸ் வந்தது. 2025 ஜூலை 5 அன்று, தான் வளர்ந்த பேட்டையில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், கருப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். பிளாக் சாபத்தின் பழைய நால்வரும் இருந்தார்கள். 17 நாள் கழித்து இறந்தார். ராக் உலகில் சொன்ன சொல்லை இவ்வளவு கறாராக யாரும் காப்பாற்றியதில்லை. மற்ற குழுக்களுக்கு இது ஒரு கெட்ட முன்னுதாரணம்.

அதற்குள் கிஸ் குழு வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. 2000-ல் ஒருமுறை விடைபெற்றார்கள். 2019-ல் தொடங்கி மறுபடி விடைபெற்றார்கள். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு என்பதால், பழைய ஆள் போனாலும் அதே பூச்சில் புது ஆள் நின்று சமாளித்தார். 2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கடைசிக் கச்சேரி முடிந்ததும் 74 வயது ஜீன் சிம்மன்ஸும் 71 வயது பால் ஸ்டான்லியும் உள்ளே போனார்கள். உடனே கணினியில் செய்த கிஸ் குழுவினர் திரையில் தோன்றி, சுருக்கமில்லாமல், வாட்டசாட்டமாக, பாட ஆரம்பித்தார்கள். இனி குழு இந்த வடிவத்தில் தொடரும் என்றார்கள். இந்தக் கணினி ஆட்கள் எந்த வருடம் விடைபெறும் சுற்றுப்பயணத்தை அறிவிப்பார்கள் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.