மட்டக்களப்பில் இலையுதிர்காலம் உண்டு எனக் கொண்டு செய்யப்படும் கலியாணச் சோடனை: ஓர் ஆய்வு

இலையுதிர்காலத் தொடக்கத்தில் வரும் கலியாணத்தை எப்படிச் சோடிப்பது என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுப் பிரதேசம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகள். அங்கே அப்படியொரு காலமே கிடையாது என்பது ஆய்வுக்குத் தடையல்ல. உள்ள பொருளை ஆராய்ந்தால் ஊரார் வந்து திருத்துவார்கள். இல்லாத பொருளில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் காலவரையறை. வானியலின்படி இலையுதிர்காலம் செப்டெம்பர் 22 அல்லது 23இல் தொடங்குகிறது. அதற்குள் புரட்டாசி பிறந்து ஒரு வாரமாகிவிடும். புரட்டாசியில் கலியாணம் வைக்க எந்தத் தாயும் சம்மதியாள். வானிலையாளர்கள் கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள். செப்டெம்பர் 1ஐயே தொடக்கமாகக் கொள்கிறார்கள். ஆவணியோ செப்டெம்பர் 16ஆம் திகதியளவில் முடிகிறது. ஆக நம் கையில் இருப்பவை 16 நாள்கள் (பதினாறு என்பது கலியாண வாழ்த்துக்கு உகந்த எண்தான்). அதிலே தேய்பிறை, அட்டமி, நவமி, செவ்வாய், சனி ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சும் சில நாள்களில் ஹோல் கிடைக்காது.

நம் முன்னோரிடம் போவோம் என்றால் அங்கும் சிக்கல். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று பழைய உரையாசிரியர்கள் வகுத்துவிட்டார்கள். அவர்கள் ஆவணியில் மட்டக்களப்புக்கு வந்ததில்லை என்பது இதிலிருந்தே துணியப்படும். மழை இங்கே ஐப்பசிக்குப் பிறகு வாடையோடு வருவது. ஆவணியில் உள்ளது கச்சான். கடலையை அல்ல, காற்றைச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடும் கடுங்கோபத்தோடும் கிழக்கே இறங்குகிறது. அதுதான் கச்சான்.

அப்படியானால் இலையுதிர்காலம் இங்கே எவ்வாறு வந்தது? விமானத்தில் வந்தது. லண்டனிலும் டொரன்டோவிலும் உள்ள சித்திமாருக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஆகஸ்டில்தான். அவர்கள் பெட்டியில் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் மேப்பிள் இலைகள் சரம் சரமாக வருகின்றன. செப்டெம்பர் முதல் வாரத்தில் அங்கே பள்ளி திறப்பதால், இலையுதிர்காலத்தைக் கொண்டுவருபவர்கள் அது தொடங்கும் முன்பே திரும்பிவிடுகிறார்கள். இலைகள் மட்டும் நம்மோடு தங்கிவிடுகின்றன. அவை பிளாஸ்டிக் ஆதலால் உதிர்வதும் இல்லை.

இனிப் பொருளியல்புக்கு வருவோம். சோடனைப் பொருள்களைக் கச்சானுக்கு முன் நிறுத்திப் பார்ப்பதே சரியான சோதனை. ரெஜிபோம் தூண், பார்க்க ரோமாபுரித் தூண். காற்று எழும்பினால் பக்கத்து வளவுக்குப் போய்விடும். பலூன் வளைவு அதற்கும் முன்னமே போய்விடும். வாசலில் கட்டிய வாழையின் இலை பின்னேரத்துக்குள் கிழிந்து நாராகும், ஆனால் மரம் விழாது. குருத்தோலைத் தோரணமோ சற்றும் அசராது. அதைக் கிழித்துத்தான் பின்னுகிறார்கள். காற்றுப் புகுந்து போக வழி வைத்தே செய்த பொருளைக் காற்று என்ன செய்யும்? கச்சானை எதிர்பார்த்தே இதை வடிவமைத்தார்கள் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் காற்றில்லாத ஊர்களிலும் இதே தோரணத்தைக் கட்டித் தொலைக்கிறார்கள்.

அடுத்து நிறம். கலியாணத்துக்கு இரண்டு நிறங்களைத் தெரிவுசெய்து எல்லாவற்றையும் அவற்றுக்குள் அடக்க வேண்டும் என்பது வெளிநாட்டு விதி. மட்டக்களப்பில் நிறம் வேறு வழியில் தீர்மானமாகிறது. இங்கே குடி தாய்வழி; ஒரே குடிக்குள் கொண்டான் கொடுத்தான் இல்லை. வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ, இந்தத் தாய்வழி வழக்கைச் சொல்லும் முக்குவர் சட்டத்தை நூலாக்கியபோது முதுசொம் யார் யாருக்குப் போகும் என்பதைச் சொன்னார். மிச்சப் பெயின்ட் யாருக்குப் போகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. மகளுக்குக் கொடுக்கும் வீட்டின் பூச்சுவேலை கலியாணத்துக்கு முந்திய கிழமைதான் முடியும். சுவருக்கு அடித்தது போக வாளியில் கிடப்பது பந்தல் காலுக்கும் படலைக்கும் போகிறது. ஆகவே கலியாணத்தின் நிறம் எனப்படுவது தாய் வாங்கிய பெயின்ட். அது பெரும்பாலும் இளம்பச்சை. மேப்பிள் இலையோடு ஒருபோதும் ஒத்துப்போகாத நிறம்.

ஒளியும் தாய்வழியே. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ளது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே படுவான்கரை. எழுவான்கரைப் பெண்ணை முடித்தால் வாவிக்குப் பின்னால் சூரியன் விழும் படம் கிடைக்கும். படுவான்கரைப் பெண்ணானால் வாவிக்கு மேலே அது எழும்பும் படம். காலை முகூர்த்தத்துக்கு அதுவே பொருத்தம், ஆனால் படம் பிடிப்பவர் அந்நேரம் எழும்ப வேண்டும். மணவறையின் அளவையும் வாவியே நிர்ணயித்தது என்பது என் கருதுகோள். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் பாதைதான். தெருவை அல்ல, ஆளையும் சாமானையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள்களுக்கும் நெல் மூடைகளுக்கும் இடையில் பாதையில் ஏற்றக்கூடிய மணவறையே அக்கரைக்குப் போகும். பாலம் வந்தது, மணவறையும் யானை, மயில், நீரூற்று என்று வீங்கிவிட்டது.

இறுதியாக 'நாட்டுப்புறப் பாணி'. சாக்குத் துணி, மண்சட்டி, சுளகு, பன்பாய் ஆகியவற்றை மேசைகளில் பரப்புவதாம். பெண்ணின் தாய் இரண்டு மாதம் பாடுபட்டு வீட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்த சாமான்கள் இவை. தயிர்ச்சட்டியில் பூ வைக்க வேண்டும் என்று சித்தி சொன்னால் சண்டை வராமல் என்ன செய்யும்? சமரசத்துக்கு என் பரிந்துரை: ஒரு வட்டாவும் களுதாவளை வெற்றிலையும். புளி போட்டு மினுக்கிய பித்தளையில் அடுக்கிய வெற்றிலையைக் கண்டால் இரு தரப்பும் வாயை அதற்கே பயன்படுத்தும். மேசைச் சீலை மருதமுனைக் கைத்தறியாய் இருக்கட்டும், ஆனால் மூலைக்கொரு கல் அவசியம்.

ஒரேயொரு பொருள் இன்னும் ஆய்வுக்குள் அடங்கவில்லை. சித்தியின் படங்களில் எல்லாம் வாசலின் இருபுறமும் பூசணிக்காய் இருக்கிறது. நம் வாசலில் பூசணி வந்தால் ஒன்று திருஷ்டி கழித்து உடைக்க, அல்லது கறிக்கு. அழகுக்கு வைத்துப் பார்க்கும் மூன்றாவது வகை இதுவரை பதிவாகவில்லை. இதுபற்றி மட்டக்களப்புக்கும் டொரன்டோவுக்கும் இடையில் வீடியோ அழைப்பில் நீண்ட விவாதம் நடந்தது.

"வாசல்ல வைச்சா வடிவா இரிக்கும் அக்கா."

"ஓம் கா, வைப்பம். நல்லா முத்தின காயாப் பார்த்து எடுக்கச் சொல்றன். மறுகா சமையல்காரனுக்கு எத்தின மணிக்குக் குடுக்கிற?"