கொதிக்கும் நேரத்தில் போனைத் தொடாதீர்கள்

கே: நண்பனும் நானும் மான்செஸ்டரில் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். ஹாப்ஸ் தூக்கலான பெல்ஜிய பாணி ஸ்ட்ராங் ஏல் காய்ச்ச ஆசை. போலீஸ் வருமா?

ப: வராது. பிரிட்டனில் 1963 முதல் சொந்தக் குடிக்கு வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை. விற்றால்தான் வில்லங்கம். ஆனால் முதல் தடவையே 9 சதவீத பீரில் இறங்காதீர்கள். 5 சதவீத சாதா ஏல் ஒன்றைக் காய்ச்சிக் கையைப் பழக்கிக்கொண்டு வாருங்கள். சர்க்கரை அடர்ந்த கரைசலில் ஈஸ்ட் ரொம்பத் திணறும். அதைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கே: பெல்ஜியத்தில் மட்டும் பீருக்கு ஏன் இவ்வளவு வீரியம்?

ப: சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1919இல் அங்கே வந்த வாண்டர்வெல்டே சட்டம், பார்களில் ஜின் மாதிரியான சரக்கு விற்பதைத் தடுத்தது. குடிப்பவர்களின் பார்வை வீரியமான பீர் பக்கம் திரும்பியது. சட்டம் 1983இல்தான் போனது. பழகிய நாக்கு போகவில்லை. வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகளின் புகழ்பெற்ற ஸ்ட்ராங் ஏலான டிரிப்பெல் 1934இல் வந்தது இந்தச் சூழலில்தான். ஹாப்ஸை இப்படி அள்ளிப்போடுவது அங்கேயும் சமீபத்திய பழக்கம். ஹாப்ஸ் தூக்கலான அமெரிக்க ஐபிஏ பீர்களின் மணம் கடல் தாண்டிய பிறகு, 2006இல் ஹூப்ளோன் ஷூஃப், 2007இல் டூவெல் டிரிப்பெல் ஹாப் என்ற பீர்கள் வந்தன.

கே: 20 லிட்டருக்கு என்ன கணக்கு?

ப: பில்ஸ்னர் மால்ட் 6 கிலோ, வெள்ளைச் சர்க்கரை 1 கிலோ. மால்ட்டைத் துணிப்பையில் போட்டு 64, 65 டிகிரி வெந்நீரில் ஒன்றரை மணி நேரம் ஊறவிட்டு வடியுங்கள். அந்தச் சூட்டில் மாவுச்சத்து ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக உடையும். பிறகு 90 நிமிடம் கொதிக்கவையுங்கள். பில்ஸ்னர் மால்ட்டைக் குறைவாகக் கொதிக்கவைத்தால் பீரில் வெந்த சோள வாடை வரும். ஆறவைத்து, 18 டிகிரியில் ஈஸ்ட் போடுங்கள். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.080இல் தொடங்கி 1.010இல் நின்றால் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு பாக்கெட் ஈஸ்ட் போதாது, தாராளமாகப் போடுங்கள். கஞ்சத்தனம் காட்டினால் பாதி வழியில் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

கே: ஒரு கிலோ சர்க்கரையா! கலப்படம் இல்லையா? கற்கண்டு போடலாமா?

ப: இதைக் கலப்படம் என்றால் பெல்ஜியமே ஜெயிலுக்குப் போக வேண்டும். மால்ட் மட்டும் போட்டு இந்த வீரியத்துக்குக் கொண்டுபோனால் பீர் கூழாக நாக்கில் ஒட்டும். சர்க்கரை முழுக்க நொதித்துத் தீர்ந்துவிடுவதால், 9 சதவீத பீரும் லேசாக இறங்கும். கற்கண்டும் சர்க்கரையும் ஈஸ்டுக்கு ஒன்றுதான், காசுதான் வேறு.

கே: என் டிரிப்பெலில் கிராம்பு வாசனை வருகிறது. நண்பர் எனக்குத் தெரியாமல் எதையாவது போட்டிருப்பாரா?

ப: அவரைச் சந்தேகப்படாதீர்கள், அது ஈஸ்டின் கைவேலை. பார்லியில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை உடைத்து, கிராம்பு மணம் தரும் பொருளாக அது மாற்றுகிறது. வாழைப்பழ, பேரிக்காய் வாசனையும் அதே ஈஸ்டின் உபயம். 18 டிகிரியில் தொடங்கி, சில நாளில் 24 வரை மெல்ல ஏறவிடுங்கள். எடுத்ததுமே சூடேறினால் தின்னர் நாற்றம்தான் மிஞ்சும். இந்த பீரில் ஈஸ்ட்தான் கச்சேரி பாடுகிறது, ஹாப்ஸ் பக்கவாத்தியம். அதனால்தான் சாஸ், ஸ்டைரியன் கோல்டிங் போன்ற மென்மையான ஐரோப்பிய ஹாப்ஸை நான் முதலில் சிபாரிசு செய்வேன். அமெரிக்க ஹாப்ஸ் வேண்டுமென்றால் கொஞ்சமாக, கடைசியில். கசப்புக்கு வேண்டிய ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்திலேயே போடுங்கள். மணத்துக்கானதை, நொதித்தல் அடங்கிய பிறகு 60 கிராம், மூன்று நான்கு நாள் ஊறப்போடுங்கள்.

கே: இதற்கு இரண்டு ஆள் எதற்கு?

ப: முதல் பிடி ஹாப்ஸ் கொதிக்கும் பாத்திரத்தில் விழும் நொடியைப் பாருங்கள், புரிந்துவிடும். பச்சை நுரை சரசரவென விளிம்புக்கு ஏறிவரும். ஒருவர் கரண்டியால் கலக்க, மற்றவர் கை கேஸ் திருகிலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கு போன் வந்தாலும் எடுக்கக்கூடாது. எடுத்தால் அடுப்பு மட்டுமல்ல, தரையும் பிசுபிசுக்கும். சொட்டச் சொட்ட மால்ட் பையைத் தூக்கிப் பிடிப்பதும் தனி ஆளால் ஆகிற காரியமில்லை. கழுவி, கிருமிநாசினியில் முக்கி எடுக்கிற வேலை பெரிது. அதில் பாதியைச் செய்யாத நண்பருக்கு பாட்டிலில் பாதி கிடையாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கே: சென்னையில் மொட்டை மாடி இருக்கிறது...

ப: துணி காயப்போடுங்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் குற்றம்.

கே: பாட்டிலில் எவ்வளவு நாள் வைக்கலாம்?

ப: நொதித்தல் முழுக்க முடிந்ததை ஹைட்ரோமீட்டரில் உறுதிசெய்த பிறகே பாட்டிலில் அடையுங்கள். லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை, கனமான பழுப்பு பாட்டில். மெல்லிய பாட்டில் வெடிக்கும்; நிறமில்லாத பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸ் நாறும். மூன்று நான்கு வாரத்தில் நுரை சேர்ந்துவிடும். வீரியமான பீர் வயதாக ஆகப் பக்குவப்படும், ஹாப்ஸ் மணமோ நாளுக்கு நாள் கரையும். என் ஓட்டு மணத்துக்கே: மூன்று மாதத்துக்குள் குடித்து முடியுங்கள். ஒரு 330 மில்லி பாட்டிலில் இரண்டு சாதா பீரின் ஆல்கஹால் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று, காரை வீட்டில் விட்டுவிட்டு.